கமரா ஒன்று

மெட்டில்டாவுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது. மூடினால் இரண்டும் சேர்ந்து மூடும், திறந்தால் இரண்டும் சேர்ந்து திறக்கும். இதில் என்ன குறைந்துவிட்டது, ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். கட்டின புருஷன் சிலுவை மொறாயிஸாக இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்காதுதான்.

சிலுவை தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க். தோணியில் ஏறுகிற உப்பு மூடையையும், தோணியிலிருந்து இறங்குகிற சரக்கையும் எண்ணி எழுதுவது அவர் வேலை. முதல் மூடையை ஒன்று என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார், அப்புறம்தான் ரெண்டு, மூணு. துறைமுகத்தில் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்றாலும் சிலுவைக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களை வாய்விட்டு 'லாபம், ரெண்டு' என்று எண்ணிக்கொண்டே போய், சம்பந்தி வீட்டார் காதில் அது விழுந்து, மெட்டில்டா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த மகள் இப்போது மணப்பாட்டில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சிலுவைக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஊர்வம்பு மட்டும் கொஞ்சம் உண்டு, அது எல்லாருக்கும் உள்ளது. மற்றபடி இருந்த ஒரே பைத்தியம் ஒரு பித்தளைக் குழல். எழுபதாம் வருஷம் ஒரு கப்பல் சாமான் கடையைக் காலி செய்தபோது வாங்கினது. நாலடி நீளம், வாயில் மூன்று அங்குலக் கண்ணாடி. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் தூரத்துக் கொடியைப் பார்க்க வைத்திருந்த தொலைநோக்கி. சிலுவை அதற்கு இரும்பில் முக்காலி அடித்து, புறவாசலில் வைத்து, கொடியைப் பார்க்காமல் நிலாவைப் பார்த்தார். பார்த்த அன்றைக்கே ஆள் விழுந்துவிட்டார். நிலாவில் இத்தனை பள்ளம் இருக்கிறது, பள்ளத்துக்குள் பள்ளம் இருக்கிறது, மேட்டின் நிழல் நீளமாக விழுகிறது என்பதெல்லாம் ஒரு மனிதனுக்கு நாற்பத்துமூன்று வயதில் தெரியவந்தால் சும்மா இருக்க முடியுமா?

"ஏளா மெட்டில்டா, வந்து பாருளா" என்று கூப்பிடுவார்.

மெட்டில்டா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். குனிவாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"பள்ளம் தெரியுதா?"

"தெரியுது. நல்லா இருக்கு" என்பாள். குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுவாள். இப்படியே ஏழு வருஷம் போனது.

எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிட்டார். வழக்கம்போல வந்து குனிந்தாள். "தெரியுது. இன்னைக்குப் பளிச்சுன்னு இருக்கு" என்று ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்லிவிட்டுப் போனாள். சிலுவை ஆசையாகக் கண்ணை வைத்தார். ஒரே இருட்டு. குழலை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கடைசியில் முன்னால் போய்ப் பார்த்தால், வாயில் மாட்டின தோல் மூடியைக் கழற்றவே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தார். மூடியை மட்டும் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மெட்டில்டா மூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், விஷயம் விளங்கிவிட்டது.

"எனக்கு ஒத்தக் கண்ண மூட வரல" என்றாள். "கையால பொத்தியும் பாத்தேன். என் இமைமயிருதான் ஈர்க்கு ஈர்க்கா நிக்கி. கண்ணுல தண்ணி வருது."

"பின்ன எதுக்குளா இத்தன வருசமா தெரியுதுன்னு சொன்ன?"

"நீங்க அம்புட்டு ஆசையாக் கூப்புடுதிய. இல்லன்னு சொல்ல வாய் வரல."

சிலுவைக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? வருத்தம்தான் வந்தது. தான் பார்த்ததை எல்லாம் அவளும் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஏழு வருஷம் சந்தோஷமாக இருந்திருக்கிறார். அவ்வளவு நாளும் அங்கே நின்றது அவர் மட்டும்தான் என்று இப்போது தெரிந்தது. அன்று படுக்கும்போது முடிவு பண்ணிவிட்டார். நிலாவைப் படம் பிடித்துவிடவேண்டும். படத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் அல்லவா?

மார்க்கெட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவர் தாணுலிங்கம் அண்ணாச்சி. கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். சிலுவை போய்ச் சொன்னதும், "சந்திரனுக்கு போட்டாவா? துட்டு யாருவே குடுப்பா, சந்திரனா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பெட்டிக் காமிராவை இரவல் கொடுத்தார்.

சிலுவை அதைக் குழலின் பின்புறம் ஒட்டவைத்து நாலு படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை மொச்சைக்கொட்டை. பள்ளமும் இல்லை மேடும் இல்லை.

அடுத்து அண்ணாச்சி தன்னுடைய இரட்டைக்கண் காமிராவைக் கொண்டுவந்தார். அதற்கு மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல்கண் வழியாக நாம் பார்ப்போம், கீழ்க்கண் படம் பிடிக்கும். கல்யாண வீட்டுக்கு அது சரி. குழலுக்குப் பின்னால் இருப்பதோ ஒரே ஓட்டை. மேல்கண்ணை வைத்தால் பார்க்கலாம், படம் விழாது. கீழ்க்கண்ணை வைத்தால் படம் விழும், ஆனால் நிலா எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாது. போதாக்குறைக்கு அதன் கனத்தில் குழல் வாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது. விசையைத் தட்டினால் தட்டின அதிர்ச்சியில் எல்லாம் ஆடியது. ஒரு படத்தில் நிலாவின் கால்பாகம் மூலையில் ஒதுங்கி நின்றது. மெட்டில்டா அதைப் பார்த்துவிட்டு, "யாரோ கடிச்சு வச்ச பிஸ்கோத்து" என்றாள். இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை என்பதில் சிலுவைக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்தச் சமயத்தில் புதுத் துறைமுகத்துக்கு ஒரு ஜப்பான் கப்பல் வந்தது. ஆள் பற்றாமல் சிலுவையையும் அங்கே அனுப்பினார்கள். கப்பலின் மூன்றாவது ஆபீசர் கழுத்தில் ஒரு காமிரா தொங்கிற்று. ஒரே கண். சிலுவை கையைக் காட்டிக் கேட்டதும் அந்தப் புண்ணியவான் சிரித்துக்கொண்டே முன்கண்ணாடியை ஒரு திருகு திருகினார், அது கையோடு வந்துவிட்டது. உள்ளே சின்னதாக ஒரு முகம்பார்க்கிற கண்ணாடி சாய்ந்து நின்றது. எந்த முன்கண்ணாடி படம் பிடிக்கிறதோ அதே முன்கண்ணாடி வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம். விசையைத் தட்டினால் சாய்ந்த கண்ணாடி மேலே ஓடிப்போய்ப் படத்துக்கு வழிவிடுகிறது. முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழலையே மாட்டிவிட்டால் முடிந்தது காரியம். சிலுவை அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணவில்லை.

அப்படிப்பட்ட காமிரா தூத்துக்குடியில் கிடைக்காது. கொச்சியில் கப்பல்காரர்களிடம் கிடைக்கும் என்றார் அண்ணாச்சி. கொச்சிக்கு யார் போகிறார்? மெட்டில்டாவின் தம்பி வில்பிரட். தோணித் தண்டல், அதாவது தோணியை ஓட்டுகிற தலைவன். உப்பேற்றிப் போய் கொச்சியில் இறக்கிவிட்டு, கூரை ஓடும் மரமும் ஏற்றிக்கொண்டு திரும்புவான். அவன் அப்போது கொச்சியில்தான் இருந்தான். சிலுவை பணம் அனுப்பி, கடிதமும் எழுதினார். கடிதத்தை நான் அப்படியே சொல்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

"மச்சினன் வில்பிரட்டுக்கு. இங்கு நலம். கொச்சியில் எனக்கு ஒரு நல்ல கமரா பார்க்கவும். பழசானாலும் பாதகமில்லை, கப்பலில் இருந்ததாக இருந்தால் விசேஷம். ஜப்பான் வேலை என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். உள்ளே பொட்டு வெளிச்சம் நுழையக்கூடாது. முன்னால் இருக்கிற வட்டக் கண்ணாடி கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கவேண்டும். அந்த ஓட்டையில்தான் என் குழலைப் பொருத்தவேண்டும். கனம் அதிகம் கூடாது. நனையாமல் கொண்டுவரவும். அக்காளிடம் சொல்லவேண்டாம்."

ஜனவரி கடைசியில் வில்பிரட்டின் தோணி வந்தது. அன்றைக்கு டாலி சிலுவைதான். சரக்குப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஓடு, மரம், கயிறு, எல்லாவற்றுக்கும் அடியில் 'கமரா - 1' என்று எழுதியிருந்தது. கைச்சாமானைக்கூட மறைக்காமல் பட்டியலில் போட்டிருக்கிறானே, மச்சினன் யோக்கியன் என்று பூரித்துப்போனார். அன்றைக்கு ஓடு எண்ணின கணக்கு இரண்டு தடவை தப்பி, மறுபடி லாபத்திலிருந்து எண்ணவேண்டியதாயிற்று. இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

எல்லாம் இறங்கின பிறகு வில்பிரட் கரைக்கு வந்தான். "அத்தான், ஒங்க சாமான இறக்கச் சொல்லவா?"

"இறக்க என்னலே இருக்கு? கையில எடுத்துட்டு வா."

"கையிலயா?" என்று வில்பிரட் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு திரும்பிக் கையை ஆட்டினான்.

பாரந்தூக்கியில் கயிறு இறுகியது. தோணியின் மேல்தட்டிலிருந்து வெள்ளைச் சாயம் அடித்த ஒரு மரக்கூண்டு மெதுவாக மேலே எழும்பியது. ஆளுயரம், ஆறடி நீளம், நாலடி அகலம். இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடி ஜன்னல். கதவில் ஜப்பான் எழுத்து. ஆடி ஆடி வந்து சிலுவையின் காலடியில் இறங்கியது.

"இது என்னலே?"

"கமரா."

சிலுவை பட்டியலின் கடைசி வரியை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

கப்பல்காரர் குடும்பங்களில் கமரா என்றால் கப்பலில் இருக்கிற அறை. போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். கடற்கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், சிலுவைக்கும் தெரியும். படம் பிடிப்பதை அவர்கள் வீட்டில் போட்டாப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். அப்படி எழுதியிருந்தால் ஒரு பாடும் இல்லை. மச்சினனிடம் கொஞ்சம் படித்த பவிசு காட்டலாம் என்று அண்ணாச்சி வாயில் கேட்ட காமிராவை எழுதப்போய், பிறந்த வீட்டுப் பழக்கத்தில் கை அதைக் கமரா ஆக்கிவிட்டது.

வில்பிரட் மடியிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தான். "நீங்கதான அத்தான் எழுதியிருந்திய. பழசானாலும் கப்பல்ல இருந்ததா இருக்கணும்னு. கொச்சியில ஒரு ஜப்பான் மீன்பிடிக் கப்பல ஒடச்சிக்கிட்டிருந்தாவ. தேக்குல ஒண்ணு கெடந்துது, கனம் கூடாதுன்னு எழுதியிருக்கியளேன்னு வேண்டாம்னுட்டேன். இது பலகை. வட்டக் கண்ணாடி, பாருங்க, திருகுனா கையோட வருது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் கொண்டாந்தேன், ஒரு சொட்டு நனையல. அனுப்புன துட்டுல முக்காவாசி மிச்சம்."

"குழல் பொருத்தணும்னு எழுதியிருந்தேனே, அத என்னன்னுலே நெனச்ச?"

"அடுப்புப் புகைக்குழல். அக்காளுக்குப் புறவாசல்ல தனியா ஒரு அடுக்களை போட்டுக் குடுக்கப் போறியன்னு நெனச்சேன். அதான அவகிட்ட சொல்லவேண்டாம்னு எழுதியிருந்திய? எனக்கு அவ்வளவு சந்தோசம், அத்தான்."

இப்படிச் சொல்கிறவனை என்ன செய்ய முடியும்? சிலுவை காதிலிருந்த பென்சிலை எடுத்து, டாலித் தாளில் 'கமரா ஒன்று, சேதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டுப் பேர் தூக்கிவந்து புறவாசலில் வைத்துவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மெட்டில்டா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோழி அடைக்க வசதி என்றாள். சிலுவை நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. குழலையும் வெளியே எடுக்கவில்லை. துறைமுகத்தில் ஆளாளுக்கு "கமரா எப்படி இருக்கு?" என்று குசலம் விசாரித்தார்கள். இந்த ஊரில் ஒருவனுக்கு ஒரு சறுக்கல் வந்துவிட்டால் போதும், மூன்று தலைமுறைக்கு அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாணுலிங்கம் அண்ணாச்சியும் சிரிக்கத்தான் வந்தார். கூண்டைச் சுற்றி வந்தார். உள்ளே போய் ஜன்னல்களின் இரும்பு மூடிகளைச் சாத்தி, கதவையும் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மயங்கி விழுந்துவிட்டாரோ என்று சிலுவை கதவில் கை வைத்தார்.

"திறக்காதயும்வே. சட்டுன்னு உள்ள வந்து சாத்தும்."

உள்ளே கும்மிருட்டு. மேற்குச் சுவரில் எப்போதோ ஆணி பிடுங்கின ஒரு ஓட்டை. அதற்கு எதிர்ச் சுவரில் வெள்ளைச் சாயத்தின்மேல் தென்னைமரம் தலைகீழாக நின்றது. தலைகீழான கொடியில் மெட்டில்டா தலைகீழாக நின்று துணி காயப்போட்டாள். சேலையின் நிறம்கூடத் தெரிந்தது.

"காமிரான்னா வேற என்னவே?" என்றார் அண்ணாச்சி இருட்டுக்குள். "இருட்டா ஒரு பெட்டி, முன்னால ஒரு ஓட்டை, பின்னால படம் விழ ஒரு பிளேட்டு. நான் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியுதது சின்னது, இது பெரிசு. ஒம்ம மச்சினன் நீரு கேட்டதத்தான் கொண்டாந்துருக்கான்."

சிலுவை அந்தத் தலைகீழ்த் தென்னையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தோணியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சு திணித்து, குங்கிலியம் பூசி அடைப்பதைக் கலப்பத்து என்பார்கள். வில்பிரட்டே வந்து கூண்டு முழுக்கக் கலப்பத்து அடித்தான். தண்ணீர் நுழையாமல் அடைத்துப் பழகின கை, வெளிச்சம் நுழையாமல் அடைத்தது. மேற்குப் பக்கத்து வட்டக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கே குழலைச் செருகி, சுற்றிலும் கறுப்புத்துணி கட்டினார்கள். குழலின் வாய் வெளியே ஒரு மரக்கவட்டையில் உட்கார்ந்தது. பின்பக்கம் உள்ளே நின்றது. எதிரே ஒரு பலகை. அதில் வெள்ளைத் தாளைக் குத்திவைத்தால் நிலா தாளில் விழும். ரூபாய்த்துட்டைவிடக் கொஞ்சம் பெரிசாக, பள்ளமும் மேடுமாக விழும். பார்த்துச் சரிசெய்துகொண்டு, தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளேட்டை வைக்கவேண்டியதுதான். சிவப்பு வெளிச்சத்துக்குக் கெடாத பழைய கண்ணாடிப் பிளேட்டுகள் அண்ணாச்சியிடம் அரைப்பெட்டி இருந்தன.

விசைக்கு என்ன செய்வது? குழலில் எதைத் தொட்டாலும் ஆடும். மெட்டில்டா அடுக்களையிலிருந்து அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்தாள். குழலின் வாய்க்கு முன்னால், தொடாமல், சுளகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளேயிருந்து சிலுவை 'லாபம்' என்றதும் தூக்குவாள். 'ரெண்டு' என்றதும் மறைப்பாள். லாபத்துக்கும் ரெண்டுக்கும் நடுவில் ஒரு மூடை தோளில் ஏறுகிற நேரம். சிலுவையின் நாக்கு அதில் தப்பாது.

அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள், மேற்கே நிலா தாழ நிற்கும்போது, ஏழரை மணிக்கு ஆறு பிளேட் எடுத்தார்கள். அண்ணாச்சி கழுவினார். நாலு மங்கல், ஒன்று வெறும் கறுப்பு. ஒன்று விழுந்திருந்தது. பிறையின் உள்விளிம்பில் பள்ளங்கள் வரிசையாக நின்றன, மூன்று பள்ளத்தின் நடுவே நிழல்கூடத் தெரிந்தது. "வே சிலுவை, எங்கிட்ட இருக்க எந்தக் காமிராவும் இத எடுத்துருக்காது" என்றார் அண்ணாச்சி. பெரிதாக்கி, சட்டம் போட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

சிலுவை அதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வந்தார். மெட்டில்டாவைக் கூப்பிட்டு, கையைத் துடைக்கச் சொல்லி, இரண்டு கையிலும் கொடுத்தார்.

மெட்டில்டா பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

அந்தக் குரல் சிலுவைக்குத் தெரியும். குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போகும்போது வருகிற குரல். அவள் பொய் சொல்லவில்லை, படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் இருந்த மாதா படத்துக்கும் மகள் கல்யாணப் படத்துக்கும் நடுவே அதுவும் ஒரு படம், அவ்வளவுதான். "இங்கன மாட்டிருவமா?" என்று கேட்டாள். மாட்டினார்கள். சிலுவைக்கு, இத்தனை பாடு பட்டும் குழலின் பின்னால் இன்னும் தான் மட்டும்தான் நிற்கிறோம் என்று இருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. அவள்தான் அத்தனை பிளேட்டுக்கும் கை வலிக்கச் சுளகு பிடித்தவள் ஆயிற்றே.

படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக விழுந்தால் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த மாதம்வரை காத்திருந்தார். அது தவக்காலம். அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் மறுபடி பிளேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், ஒரு மாத வெயிலில் வெளியே இருந்த மரக்கவட்டை வெடித்துக் கிடந்தது. குழல் வாயைத் தொங்கப்போட்டிருந்தது. புதுக் கவட்டை செய்வதற்குள் நிலா இறங்கிவிடும். சிலுவை குழலைத் தோளுக்கு மேலே கையால் தாங்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டால் தாளில் நிலா விழுகிறதா என்று உள்ளே யார் பார்ப்பது?

"ஏளா, சுளக வச்சிட்டு உள்ள போ. கதவச் சாத்திக்கோ. நான் இங்கன அசைக்கேன். வெள்ளத்தாள்ல நிலா வந்ததும் ஒரு சத்தம் குடு."

மெட்டில்டா உள்ளே போனாள். குழல் பொருத்தின பிறகு அவள் அந்தக் கதவுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவள் இடம் வெளியே, சுளகோடு. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சிலுவை குழலை மெள்ள உயர்த்தினார், கொஞ்சம் தெற்கே தள்ளினார்.

"வந்துச்சா?"

இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"ஏளா, வந்துச்சான்னு கேக்கேன்."

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தடுக்கி விழுந்துவிட்டாளோ என்றுகூட நினைத்தார். குழலை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிற நேரத்தில் பலகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியுது."

ஏழு வருஷமாகக் கேட்ட சொல்தான். ஆனால் இந்தமாதிரி அவர் அதைக் கேட்டதில்லை. சிலுவைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் துடைக்கக் கை இல்லை.

"அசைக்காதீங்க" என்றாள். "அய்யோ, ஓரமெல்லாம் குழி குழியா இருக்கு. ஒரு குழிக்குள்ள நடுவுல சின்னதா ஒரு கல்லு மாதிரி நிக்கி. வெயிலு படுதுங்க அதுமேல."

"அது கல்லு இல்ல, மலை."

"மலையா?" என்றாள். "இது நகந்து போவுதே. தாளவிட்டுப் போவுது. நீங்க அசைக்கியளா?"

"நான் அசைக்கல. நிலாவும் பெரிசா அசையல. நம்ம பூமி சுத்துதுல்லா, நம்மதான் நகருதோம்."

"அது சரி. கமராவுக்குள்ள உக்காந்தா நகரத்தான செய்யும்" என்றாள் தண்டலின் அக்காள்.

நகர நகர அவர் குழலைத் தள்ளிக்கொடுத்தார். வலதுபக்கம், கொஞ்சம் கீழே, போதும் போதும் என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. தோள்பட்டை கடுத்தது. பிளேட்டுப் பெட்டி திறக்காமல் காலடியில் கிடந்தது. சுளகு சுவரில் சாய்ந்திருந்தது. அடுக்களையில் குழம்பு கொதித்து அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மெட்டில்டா மூக்குக்கு அது எட்டியிருக்கும், ஆனால் அவள் எழுந்து வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே முணுமுணுப்பு மாதிரி ஏதோ கேட்டது. சிலுவை காதைப் பலகையோடு ஒட்டவைத்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

பள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு வரைக்கும் போனாள், நடுவில் எட்டை இரண்டு தடவை சொன்னாள். அதைத் திருத்த டாலி கிளார்க்குக்கு மனம் வரவில்லை.